செவலைக்குப் பூசியதெல்லாம்

செவலையின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது ஓர் ஐப்பசிக் காலையில். திண்ணையில் நாலைந்து சொட்டு, எட்டணா அளவுக்கு. ஓணானைத் துரத்திக்கொண்டு போய் வேலிமுள்ளில் மூக்கைக் கொடுத்திருப்பாள் என்று நினைத்து, மஞ்சளைக் குழைத்து மூக்கு நுனியில் வைத்தேன். நாக்கைச் சுழற்றி ஒரே நக்கில் அதைத் தின்றுவிட்டு, தலையைக் கால்மேல் வைத்துப் படுத்துக்கொண்டாள். மூன்று நாளாகச் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிற நாய் எங்கே ஓணானைத் துரத்தியிருக்கப் போகிறது? அது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

எங்கள் வீடு கோவில்பட்டிக்கு வெளியே, கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய வீடு. பின்னால் மாட்டுத்தொழு. அம்மா இரண்டு மாடு வைத்திருக்கிறாள். நான் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். செவலை, சிப்பிப்பாறை வகை. அந்தப் பெயருள்ள ஊரே எங்களுக்குப் பக்கம்தான் என்பதால் இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் இந்த நாய் உண்டு. ஒட்டிய வயிறு, நீண்ட கால், ஒரு சொல்லுக்கே முகம் வாடிவிடும் சுபாவம். எடை 18 கிலோ.

வைத்தியம் என்றால் எங்கள் வீட்டில் முதலில் கை போவது கொல்லைப்பக்கம்தான். மாட்டுக்கு மடிநோய் வந்தால் சோற்றுக்கற்றாழை, மஞ்சள்தூள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து அம்மா மடியில் பூசுவாள். இது அம்மாவின் கைவைத்தியம் மட்டுமில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்காரர்களே 250 கிராம் கற்றாழை, 50 கிராம் மஞ்சள், 15 கிராம் சுண்ணாம்பு என்று அளவு போட்டுச் சொல்லித்தருகிற மருந்து. மாட்டுக்குக் கேட்டதை எங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். மாட்டுக்குக் கேட்டது நாய்க்குக் கேட்காதா என்றுதான் எல்லாக் கோளாறும் ஆரம்பித்தது.

செவலை ஒரு வயதுக் குட்டியாக இருந்தபோது வயிற்றில் சிவப்பாகத் தடிப்பு வந்தது. அதே மூன்றையும் அரைத்துப் பூசினோம். மாடு நின்றுகொண்டிருக்கும், மடியில் பூசியது காயும்வரை பார்த்துக்கொள்ளலாம். நாய் அப்படியா? நாங்கள் கையைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் வயிறு பளிச்சென்று இருந்தது. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. கற்றாழை மடலின் தோலுக்கு அடியில் வடிகிற மஞ்சள் பால் நல்ல பேதி மருந்து. சுண்ணாம்போ நாக்கை வேக வைத்துவிடும். தடிப்புக்குக் காரணம், அவள் படுத்திருந்த இடத்தில் சிந்திய பினாயில். இடத்தைக் கழுவிவிட்டதும் தடிப்பு தானாகப் போனது.

அடுத்தது கற்பூரம். தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, கற்பூரத்தைப் பொடித்துப் போட்டுத் தடவினால் உண்ணி உதிர்ந்துவிடும் என்று பால் எடுக்க வருகிற அண்ணாச்சி சொன்னார். நம் தலையில் பேன் என்றாலும், பிள்ளைக்குச் சளி என்றாலும் இதைத்தானே தடவுகிறோம், என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் செவலையின் வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. பின்னங்கால் நடுங்கியது. சோப்புப் போட்டு மூன்று தடவை குளிப்பாட்டி, ஆட்டோ பிடித்து ஓடினோம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் நாய்க்கு வலிப்பு வரும், இது லேசாகத் தப்பித்தது என்றார்கள். அண்ணாச்சியைக் குறை சொல்லி என்ன செய்ய? அவர் நல்லதற்குத்தான் சொன்னார். தைல வகைகளும் அப்படித்தான். யூகலிப்டஸ் தைலம், கடையில் விற்கிற டீ ட்ரீ எண்ணெய், எல்லாம் செடியிலிருந்து வந்ததுதான். எல்லாமே நாயின் வயிற்றுக்கு ஆகாதது.

அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நாய்க்கு வெளியே பூசுவது எதுவும் வெளியே நிற்காது. அதைத் தின்னக் கொடுக்கலாம் என்றால் மட்டும் பூசலாம்.

இந்தக் கணக்கில் தேறியது வேம்பு என்று நினைத்தேன். உண்ணி மறுபடி வந்தபோது வேப்பெண்ணெயில் நாலு பங்கு தேங்காயெண்ணெய் கலந்து முதுகிலும் கழுத்திலும் தடவ ஆரம்பித்தேன். கசப்பு பிடிக்காமல் செவலையும் அவ்வளவாக நக்கவில்லை. முதுகில் உண்ணி குறைந்தது. "பாத்தியாட்டி, வேம்புக்கு மிஞ்சி என்ன இருக்கு" என்றாள் அம்மா. இரண்டு வாரம் இப்படிப் போனது. அதற்குப் பிறகுதான் அந்த ஐப்பசிக் காலை.

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் ஊசியையோ மாத்திரையையோ எடுக்கவில்லை. முதலில் செவலையின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ரோஜா நிறத்தில் இருக்கவேண்டிய ஈறு வெளுத்த துணிபோல இருந்தது. விரலால் அழுத்தி எடுத்தார். ரத்தம் திரும்பி ஓட நேரமானது. பிறகு காதுமடலைப் புரட்டினார். கால்விரல் இடுக்கைப் பிரித்தார். வாலுக்கு அடியில் பார்த்தார். மிளகைக் கொட்டி வைத்ததுபோல உண்ணி.

"வேப்பெண்ணெய் வாடை அடிக்குதே, எத்தன நாளா தடவுதீங்க?"

"ரெண்டு வாரமா சார்."

"தடவுன எடத்துல இல்ல. தடவாத எடம் பூரா இருக்கு பாருங்க."

காய்ச்சல் 104-க்கு மேல் இருந்தது. நாய்க்கு இயல்பான சூடே நம்மைவிடக் கூடுதல், 101-லிருந்து 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கலாம். தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க முடியாது என்பதும், மூக்கு ஈரமாக இருந்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்பது வெறும் நம்பிக்கை என்பதும் அன்றுதான் தெரிந்தது. ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு 34 ஆயிரம். 2 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாதாம். எர்லிக்கியா என்றார். உண்ணி கடிக்கும்போது ரத்தத்தில் ஏறி, வெள்ளையணுவுக்குள் குடியிருக்கிற கிருமி. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்வது இதையும், சிவப்பணுவைத் தின்கிற பபேசியாவையும் சேர்த்துத்தான்.

டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரை 28 நாள். இதிலும் நான் ஒரு தப்பு செய்தேன். மாத்திரையைத் தயிர்சோற்றுக்குள் வைத்துக் கொடுத்தேன், பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாதிரி. பாலிலும் தயிரிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. வெறும் வயிற்றில் கொடுத்தாலும் வாந்தி. வேகவைத்த கோழியைப் பிய்த்து அதற்குள் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே கொஞ்சம் தண்ணீரும் குடிக்க வைத்த பிறகுதான் ஒழுங்காக உள்ளே போனது. பப்பாளி இலைச்சாறு கொடுத்தால் தட்டணு ஏறும் என்று ஆபீசில் ஒருத்தர் விடாமல் சொன்னதால் அதையும் இரண்டு கரண்டி ஊற்றினேன். அன்றைய மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்தது. அதோடு விட்டேன்.

நாலாம் நாள் வாலை ஆட்டினாள். பத்தாம் நாள் ஓணானைத் துரத்தினாள். பத்து நாளில் நிறுத்திவிடலாமா என்று எனக்கே ஆசை வந்தது. நிறுத்தவில்லை. அரைகுறையாக நிறுத்தினால் கிருமி எலும்பு மஜ்ஜைவரை போய் உட்கார்ந்துகொள்ளும் என்று டாக்டர் முதலிலேயே பயமுறுத்தி வைத்திருந்தார்.

அவர் கேட்ட இன்னொரு கேள்விதான் எனக்குப் பெரிய பாடம். "வீடு கல்லுக்கட்டா, சிமெண்டா?" நாய்க்கு வைத்தியம் பார்க்கிறவர் வீட்டைப் பற்றி எதற்குக் கேட்கிறார் என்று முழித்தேன். ராத்திரி டார்ச் அடித்துச் சுவரைப் பாருங்கள், கீழே வேண்டாம், மேலே பாருங்கள் என்றார்.

பார்த்தேன். செவலை படுக்கிற மூலைக்கு மேலே, உத்தரம் சுவரில் இறங்குகிற இடத்தில், மண் உதிர்ந்த வெடிப்புக்குள் வரிசையாக இருந்தன. குண்டானவை, தட்டையானவை, பொடிப்பொடியாக நகர்பவை. நாயில் காண்கிற உண்ணி மொத்தக் கூட்டத்தில் கொஞ்சம்தான். ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, சுவரேறி, வெடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். தாய் உண்ணி ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டையிடும், 4,000 வரைகூடப் போகும். பொரித்ததும் மறுபடி நாயைத் தேடி இறங்கும். நாய் கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், சாகாது. நான் நாய்க்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். உண்ணி வீட்டுக்குள் குடியிருந்தது.

கொத்தனாரை வைத்து வெடிப்பெல்லாம் சிமெண்டால் பூசினோம், இரண்டு நாள் வேலை. அதன்மேல் இரண்டு கை சுண்ணாம்பு. தரையில் கல் இடுக்குகளில் கொதிக்கிற தண்ணீர். பழைய சாக்குகளை எரித்துவிட்டு, துவைக்கிற மாதிரி பருத்தித் துணி விரிப்பு. வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி உச்சிவெயிலில் காயப்போடுவோம். தொழுவில் மேய்கிற நாட்டுக்கோழிகள் இறங்கி நடக்கிற உண்ணியைக் கொத்தும். அதுவும் ஒரு கைதான். அத்தனைக்கும் பிறகு உண்ணி கட்டுக்குள் வர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் உண்ணிக்கான மெல்லும் மாத்திரையும் டாக்டர் சொன்னபடி கொடுத்தோம். வலிப்பு வந்த நாய் என்றால் இந்த மாத்திரைக்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும். கழுத்தில் சொட்டுவிடுகிற மருந்து வாங்குகிறவர்கள் வீட்டில் பூனை இருக்கிறதா என்று ஒருமுறை யோசியுங்கள். நாய்க்கு விற்கிற சில சொட்டுமருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

வேம்பை விட்டுவிடவில்லை. மழைக்காலத்தில் குளிப்பாட்டிய பிறகு, வேப்பிலை கொதிக்கவைத்து ஆறின தண்ணீரைக் கடைசியாக ஊற்றுகிறேன். தோலுக்கு நல்லது, அரிப்பு தணிகிறது. அதன் வேலை அவ்வளவுதான் என்று இப்போது தெரியும். குளியலே மாதத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கிடையாது. நாம் போடுகிற சோப்பு, ஷாம்பு நாயின் தோலுக்குப் பொருந்தாதவை, தோல் வறண்டு பொடுகு உதிரும். சீயக்காய் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

உண்ணியைப் பிடுங்குவதிலும் ஒரு பக்குவம் உண்டு. மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். மிரளுகிற உண்ணி வயிற்றில் இருப்பதை நாயின் ரத்தத்துக்குள்ளேயே கக்கும். புருவம் திருத்துகிற இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நிதானமாக நேராக இழுக்கவேண்டும். நகத்தால் நசுக்கக்கூடாது. ஒரு கொட்டாங்கச்சியில் சோப்புத் தண்ணீர் வைத்து அதில் போட்டுவிடுவேன்.

எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு கடுவன் நாய் கிடந்தது, உடம்பெல்லாம் சொறி. பக்கத்து லாரி ஷெட்டுக்காரர்கள் இரக்கப்பட்டு, வண்டியிலிருந்து இறக்கிய கருப்பு ஆயிலை ஒரு வாளி ஊற்றினார்கள். ஊர் ஊருக்கு இந்த வைத்தியம் இருக்கிறது. பூச்சி மூச்சுமுட்டிச் சாகும் என்று கணக்கு. நாய் அதை நக்கி நக்கியே நாலு நாளில் செத்தது. சொறி என்பது தோலுக்குள் குடையும் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். இன்றைக்கு ஊசியிலோ மாத்திரையிலோ சில வாரத்தில் குணமாகிற நோய். அதில் ஒரு வகை மனிதருக்கும் ஒட்டும். அந்த நாயைப் பற்றி எனக்கு இன்னமும் குற்ற உணர்ச்சி உண்டு. அப்போது செவலையின் கற்பூரக் கதை நடந்து முடிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருந்தும் நான் இறங்கிப் போய்ச் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இயற்கை என்று பேசினால் நான் மிக நம்புவது இதைத்தான். எங்கள் பக்கம் நாய்ச்சோறு என்றால் மிஞ்சின சோறும் சாம்பாரும். செவலையும் இரண்டு வருஷம் அதைத்தான் தின்றாள். சாம்பாரில் சின்ன வெங்காயம் அள்ளிப் போடுவது அம்மாவின் கைப்பழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் கெடுதல்தான். உண்ணியை விரட்டப் பூண்டு கொடுங்கள் என்று சொல்கிறவர்களை நான் கண்டாலே ஒதுங்கிப்போகிறேன். திராட்சை, கிஸ்மிஸ் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்தில் கிடக்கிற கிஸ்மிஸும் அதில் சேர்த்திதான். சாக்லேட் ஆகாது. காய்ச்சல் என்று நம் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுப்பதும் ஆகாது.

இப்போது செவலையின் தட்டில் சோறு பாதிக்கும் குறைவு. மீதி வேகவைத்த கோழி, முட்டை, தூத்துக்குடியிலிருந்து வண்டியில் வருகிற சாளை மீன் மலிவாக இருக்கும் நாளில் முள் எடுத்த சாளை. ஒரு கைப்பிடி கேரட்டோ பரங்கியோ, முருங்கைக்கீரையோ. உப்பு, மிளகாய் கிடையாது. வெந்த கோழியெலும்பு கூடவே கூடாது. ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். எலும்பு இல்லாத சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து குறையும் என்பதால் முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, நைசாகப் பொடித்துச் சேர்க்கிறேன். எவ்வளவு என்பதை எடையைச் சொல்லி டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். வளரும் குட்டிக்கு இதில் கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு. வளர்ந்த நாய்க்குப் பால் பெரும்பாலும் செரிக்காது, தயிர் ஒத்துக்கொள்ளும். லேசான வயிற்றுப்போக்கு என்றால் குழைந்த சோற்றில் தயிரும் வேகவைத்த பரங்கிக்காயும் ஒரு நாள். மலத்தில் ரத்தம், குட்டிநாய், வாந்தியும் சேர்ந்து வருகிறது, இதில் எது ஒன்று இருந்தாலும் ஒரு வேளைகூடக் காத்திருக்கமாட்டேன். குட்டிகளைப் பார்வோ என்கிற வைரஸ் நோய் ஒரே நாளில் வாரிக்கொண்டு போய்விடும்.

கரிசல்காட்டு வெயில் வேறு கதை. நாய்க்கு உள்ளங்காலைத் தவிர வேறெங்கும் வேர்வை கிடையாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்கவேண்டும். அக்னி நட்சத்திரத்தில் காலை ஆறரைக்குள் நடை முடிந்துவிடும். புறங்கையைத் தார்ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பார்ப்பேன்; எனக்குப் பொறுக்கவில்லை என்றால் அவளுக்கும் நடை இல்லை. வேப்பமரத்தடியில் அவளே தோண்டிய குழி ஒன்று இருக்கிறது. மத்தியானம் அதில் இரண்டு சொம்பு தண்ணீர் தெளித்துவிட்டால் போதும், சாயங்காலம் வரை அசையமாட்டாள். வெயில் தாங்காமல் தள்ளாடினால் சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டியதுதான்.

வெறிநோய் விஷயத்தில் மட்டும் கொல்லைப்பக்கம் போகவே கூடாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாய் கடித்தால் பச்சிலை கொடுக்கிறவர் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். அதற்கு ஒரு காரணமும் இருந்தது: அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அந்தப் பயத்தில்தான் பாதிப்பேர் பச்சிலைக்குப் போனார்கள். நம் நாட்டில் அந்த ஊசி 2004-ஓடு நின்றுவிட்டது. இப்போது கையில் போடுகிற நாலைந்து ஊசி, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கடிபட்ட இடத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. நோய் வெளியே தெரிந்த பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. செவலைக்கு மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது முதல் ஊசி, அதற்குப் பின் வருஷம் தவறியதில்லை.

இப்போது சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் பத்து நிமிஷம் திண்ணையில் உட்காருகிறேன். செவலை தானாக வந்து மல்லாந்து படுப்பாள். காதுமடல், கழுத்துப்பட்டைக்கு அடி, அக்குள், விரலிடுக்கு, வாலடி என்று கை ஒரு சுற்று போகும். உதட்டைத் தூக்கி ஈறு பார்ப்பேன். முந்தாநாள் இடது முன்னங்கால் இடுக்கில் ஒன்று கிடைத்தது, கொட்டாங்கச்சிக்குள் போனது.

அடுப்படியில் அம்மா பருப்பு வெந்ததும், உப்பும் வெங்காயமும் போடுமுன் ஒரு கரண்டி எடுத்துத் தனியாக மூடிவைக்கிறாள். போன வாரம் வந்திருந்த சித்தி, வீட்டில் யாருக்குப் பத்தியம் என்று கேட்டாள்.

"அதா, மல்லாந்து கெடக்காளே, அவளுக்குத்தான்" என்றாள் அம்மா.